கைக்கு எட்டும் அறிவியல்

இன்றைய உரையின் பொருள், ஓரிடத்தில் அமர மறுத்து ஓடிக்கொண்டிருக்கும் குழந்தைகளோடு கலந்துகொள்ள இயலாமல் தாயின் மடியிலேயே அமர்ந்திருக்கும் குழந்தையைப் பற்றியது.

செஞ்சிக் கோட்டைக்கு முதன்முறை அழைத்துவரப்படும் நான்கு வயதுக் குழந்தை வரலாற்றைக் கேட்பதில்லை. தந்தை இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்று மலைகளைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருக்கும்போது, அது ஒரு கூழாங்கல்லை எடுத்துக் குளத்தில் போடுகிறது. நெற்களஞ்சியத்துக்குள் புகுந்து கத்திப் பார்க்கிறது. தன் குரல் திரும்பி வருவதைக் கேட்டு மறுபடியும் கத்துகிறது. வெயிலில் காய்ந்த கல்லில் கால் வைத்துத் துள்ளி, நிழலில் கிடக்கும் கல்லுக்குத் தாவுகிறது. 2025 ஜூலையில் மராட்டியர் காலப் படைத்தளங்கள் என்ற தொகுப்பில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றபோது, மகாராட்டிர மாநிலத்துக்கு வெளியே இடம்பெற்ற ஒரே கோட்டை என்ற பெருமை செஞ்சிக்குக் கிடைத்தது. அப்பெருமை பெரியவர்களுக்கு. குழந்தைக்கு இக்கோட்டை, வெப்பமும் எதிரொலியும் எடையும் வேண்டிய மட்டும் இறைந்து கிடக்கும் ஓர் ஆய்வுக்கூடம்.

அதே குடும்பத்தில் இன்னொரு குழந்தையும் உண்டு. அது வேனிலேயே பாட்டியுடன் இருக்கிறது. அதற்குக் கால் ஒத்துழைப்பதில்லை, அல்லது கண் தெரிவதில்லை. “அதுக்கு எதுக்கு இந்த வெயில்ல அலைச்சல்?” என்று சொல்பவர் அன்பினால்தான் சொல்கிறார். தண்ணீர் ஊட்டப்படுகிறது, வியர்வை துடைக்கப்படுகிறது, பிஸ்கட் பிரித்து வாயில் வைக்கப்படுகிறது. எல்லாம் அக்குழந்தைக்காகச் செய்யப்படுகின்றன. அக்குழந்தை செய்வது ஒன்றும் இல்லை.

கவலைப்பட வேண்டிய இடம் இதுதான். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அறிவியல் என்பது பாடம் அன்று. ‘செய்தேன், நடந்தது’ என்ற அனுபவமே அந்த வயதின் அறிவியல். கிலுகிலுப்பையை ஆட்டினால் ஒலிக்கிறது. தட்டைத் தள்ளினால் விழுகிறது. விழுந்தால் அம்மா திரும்பிப் பார்க்கிறாள். நாளொன்றுக்கு நூறு முறை இப்படிச் செய்து பார்த்து, உலகில் ஒன்றை நிகழ்த்தத் தன்னால் இயலும் என்று குழந்தை அறிந்துகொள்கிறது. கை எட்டாத குழந்தைக்கும், எட்டிய இடத்தில் என்ன இருக்கிறது என்று காணாத குழந்தைக்கும் இந்த நூறு முறை கிடைப்பதில்லை. நான்கைந்து ஆண்டுகள் அப்படியே கழிந்தால், அக்குழந்தையும் ஒன்றைக் கற்றுக்கொண்டுவிடுகிறது. தன்னால் எதுவும் ஆகாது என்பதே அது. பிறகு ஆசிரியர் ஒரு பொருளை முன்னே வைத்தாலும் அது கை நீட்டுவதில்லை. அதைக் கண்டு, ‘இதற்கு ஆர்வமில்லை’ என்று பெரியவர்கள் எழுதிவைத்துவிடுகிறார்கள்.

இதை முதலில் உணர்ந்தவர்களுள் ஒருவர் மரியா மாண்டிசோரி. அப்பெயரைக் கேட்டதும் சீருடையும் கட்டண ரசீதும் நினைவுக்கு வருவது இன்றைய நிலை. அவர் தொடங்கிய இடம் வேறு. 1896இல் உரோமில் மருத்துவப் பட்டம் பெற்ற அவர், மனநல மருத்துவப் பிரிவில் பணியாற்றியபோது, மனநோயாளிகளோடு சேர்த்து வெற்று அறைகளில் அடைத்து வைக்கப்பட்டிருந்த அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளைக் கண்டார். உணவு முடிந்ததும் அக்குழந்தைகள் தரையில் கிடக்கும் ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவதாகக் காவற்பெண் அருவருப்புடன் சொன்னாள் என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். மாண்டிசோரிக்கு அதில் பசி தெரியவில்லை. அந்த அறையில் கையால் எடுத்துப் பார்ப்பதற்கு அத்துணுக்குகளைத் தவிர வேறு பொருளே இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது.

பாரிசில் காதுகேளாதோர் பள்ளியின் மருத்துவராக இருந்த இத்தார், அவர்தம் மாணவர் செகுவான் ஆகிய இருவரும் விட்டுச்சென்ற முறைகளைப் படித்து, 1900இல் உரோமில் தொடங்கப்பெற்ற சிறப்புப் பள்ளியில் மாண்டிசோரி அவற்றைச் செய்து பார்த்தார். குழியில் பொருந்தும் உருளைக் கட்டைகள், உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகள் என்று விரலுக்கும் கைக்கும் வேலை தரும் பொருள்கள் அவ்வழியில் உருவாயின. ஆட்டிக் கேட்கும் ஒலிப் பெட்டிகள், முகர்ந்து இனங்காணும் குப்பிகள், எடை வேறுபடும் பலகைகள் என அவ்வரிசை பின்னர் நீண்டது. அப்பள்ளிக் குழந்தைகள் சிலர், பிற பள்ளி மாணவர்க்குரிய பொதுத் தேர்வை எழுதி வெற்றி பெற்றனர். ஊர் வியந்தது. மாண்டிசோரியின் வியப்போ, குறைபாடு இல்லாத குழந்தைகள் ஏன் இவ்வளவு தாழ்ந்த நிலையில் கற்கிறார்கள் என்பதில் இருந்தது. 1907 சனவரி 6ஆம் நாள் உரோம் நகரின் ஏழைக் குடியிருப்பில் ‘குழந்தைகள் இல்லம்’ திறக்கப்பட்டபோதுதான் அம்முறை மற்றக் குழந்தைகளுக்குச் சென்றது.

இந்த வரிசையை மனத்தில் இருத்த வேண்டும். எல்லாக் குழந்தைகளுக்கும் என்று செய்த விளையாட்டைப் பின்னர் மாற்றுத்திறனாளிக் குழந்தைக்கு விட்டுக்கொடுத்ததாகப் பலர் எண்ணுகின்றனர். நடந்தது தலைகீழ். அக்குழந்தைக்காகத் தேடிக் கண்ட முறையைத்தான் உலகம் பின்னர் கடன் வாங்கியது. மாண்டிசோரி என்ற பெயரைப் பலகையில் தாங்கிய பள்ளிகள் இன்று ஊர்தோறும் உள்ளன. அம்முறை எந்தக் குழந்தைக்காகப் பிறந்ததோ, அக்குழந்தைக்கு அவற்றுள் எத்தனையில் இடம் கிடைக்கிறது என்பதைப் பெற்றோர் அறிவர்.

அவர் தமிழ்நாட்டுக்கும் புதியவர் அல்லர். 1939 நவம்பரில் பிரம்மஞான சபையின் அழைப்பின் பேரில் மகனுடன் சென்னைக்கு வந்து, அடையாற்றில் ஆசிரியர் பயிற்சி தொடங்கினார். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கவே, இருவரும் பகை நாட்டவர் ஆயினர். மகன் முகாமில் வைக்கப்பட்டார். தாயின் 70ஆம் பிறந்தநாளை ஒட்டி விடுவிக்கப்பட்டார். 1942 முதல் ஈராண்டு கோடைக்கானலில் தங்கி, பல வயதுக் குழந்தைகளை ஒன்றாக வைத்து, செடிகொடிகளையும் இயற்கையையும் கையால் ஆராயும் கல்வியை விரித்தமைத்தார். 1946இல்தான் ஐரோப்பாவுக்குத் திரும்பினார்.

விரலால் கற்பது இந்நாட்டுக்கு இறக்குமதியும் அன்று. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதினர். எழும்பூரில் சிறுவர் இல்லம் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதைக் கண்டு, தம் பள்ளியில் மேற்கொண்டு, இங்கிலாந்துக்கும் கொண்டுசென்றார். அதனினும் பழையது தொல்காப்பிய மரபியலின் அறிவு வரிசை. உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை பகுக்கும் அந்நூல், உற்றறிதலை, அஃதாவது தொட்டறிதலை, முதலில் வைக்கிறது. நாவும் மூக்கும் அடுத்து வருகின்றன. கண் நான்காவது, செவி ஐந்தாவது. கண்ணும் செவியும் இல்லையேல் அறிவே இல்லை என்று கருதும் வகுப்பறை, அந்த வரிசையில் பிற்பகுதியை மட்டும் படித்திருக்கிறது போலும்.

இனிச் செயல்முறை. மிதப்பது, மூழ்குவது என்ற விளையாட்டை எல்லா அங்கன்வாடிகளும் அறியும். ஆசிரியை வாளியில் எலுமிச்சையைப் போடுவார்; அது மிதக்கும்; குழந்தைகள் கைதட்டுவர். பார்வையற்ற குழந்தையும் கைதட்டும், மற்றவர்கள் தட்டுவதால். மாற்ற வேண்டியது சிறிதே. வாளிக்குப் பதில் அகன்ற, ஆழம் குறைந்த பாத்திரம் ஒன்றை வைத்துக் குழந்தையின் இரு கைகளையும் நீருக்குள் விரித்து வைக்கச் சொல்ல வேண்டும். கல்லைப் போட்டால் உள்ளங்கையில் வந்து அமரும். எலுமிச்சையைப் போட்டால் ஒன்றும் வாராது. கையை உயர்த்தித் தேடினால் நீரின் மேற்பரப்பில் தட்டுப்படும். அதைப் பிடித்து அடியில் அழுத்தினால் கையை மேலே தள்ளும். அந்தத் தள்ளலைக் கண்ணால் காண முடியாது. பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு எலுமிச்சை மிதந்தது மட்டுமே தெரியும். நீர் அதை மேலே தள்ளுகிறது என்பதைக் கை வைத்த குழந்தை அறியும். அடுத்துக் கொட்டாங்கச்சியை மிதக்க விட்டு, எத்தனை கூழாங்கல் வரை தாங்கும் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கலாம்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பெரியவர்கள் குழந்தையின் கையை மேலிருந்து பற்றிப் பொருளின் மீது அழுத்துவது வழக்கம். அரிசியில் முதலெழுத்து எழுதவைக்கும் பழக்கம் கையோடு வந்துவிடுகிறது. பார்வையற்ற குழந்தைக்குக் கைதான் கண். ஒருவர் கண்ணிமையை விரித்துப் பிடித்து ‘பார்’ என்று யாரும் சொல்வதில்லை. ஆதலின் பெரியவர் கை கீழே இருக்க, குழந்தையின் கை அதன் மேல் படிந்திருக்க வேண்டும். பெரியவர் கை பொருளைத் தேடிச் செல்லும். குழந்தை விரும்பினால் தானே இறங்கித் தொடும், வேண்டாவிடில் விலகிக்கொள்ளும். சிறப்பாசிரியர்கள் இதை அறிவர். வீட்டில் உள்ளவர்களும் அறிந்தால் நன்று.

மூளை முடக்குவாதமுள்ள குழந்தைக்கு முதற்பணி அறிவியல் அன்று, இருக்கை. கால் தொங்கிக்கொண்டும் இடுப்பு சரிந்துகொண்டும் இருந்தால், விழாமல் இருப்பதிலேயே அதன் முழு முயற்சியும் செலவாகிவிடும். இயன்முறை மருத்துவரைக் கேட்டு, இடுப்பு பின்னே படியும்படியும் பாதம் பலகையில் ஊன்றும்படியும் அமர்த்திய பின்னரே கை விடுதலை பெறும். தட்டுக்கு அடியில் ஈரத்துணி விரித்தால் தட்டு நழுவாது. கரண்டிப் பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றினால் மூடிய கையும் பற்றும். காந்தத்தை மரக்கரண்டியின் முனையில் அசையாமல் கட்டிவிட்டால், விரல் மடங்காத குழந்தையும் ஆணிகளைத் ‘தூண்டில்’ போட்டுப் பிடிக்கும். வாயில் போகும் அளவுள்ள சிறு காந்தமும், பொத்தான் போன்ற பேட்டரியும் மட்டும் இவ்வயதினர் இருக்கும் அறைக்குள்ளேயே வரக்கூடாது. விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

இவை எல்லாவற்றினும் கடினமானது காத்திருப்பது. இக்குழந்தை கை நீட்ட எண்ணுவதற்கும் கை நீளுவதற்கும் இடையில் நேரம் ஆகும். மனத்துக்குள் பத்து எண்ணும் வரை பெரியவர்கள் பொறுப்பதில்லை. நான்கு எண்ணுவதற்குள் பாட்டியின் கை வந்து அந்த வேலையை முடித்துவிடுகிறது.

காதுகேளாத குழந்தையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். தவிலின் மீது அரிசி மணிகளைத் தூவித் தட்டினால் அவை குதிக்கும். ஊதிய பலூனை மார்போடு அணைத்துக்கொண்டு அருகில் பறையை முழக்கினால் பலூன் அதிரும். ஒலி என்பது அதிர்வு என்ற பாடத்தை இக்குழந்தை விரைவாகவே கற்கும். பிழை வேறிடத்தில் நிகழ்கிறது. கேட்கும் குழந்தை பொருளைப் பார்த்துக்கொண்டே விளக்கத்தையும் கேட்கும். இக்குழந்தை ஒன்று பொருளைப் பார்க்கலாம், அல்லது பேசுபவரின் கையையும் முகத்தையும் பார்க்கலாம். ஆகவே முதலில் சைகை. பிறகு செயல், அப்போது எதுவும் சொல்லாமல். குழந்தை நிமிர்ந்து பார்த்த பின் மீண்டும் சைகை.

ஆட்டிசம் உள்ள குழந்தைகள் சிலர்க்கு ஈர மணலும் களிமண்ணும் ஆகா. பலூன் வெடிக்கும் ஓசை அடியைப் போல் விழும். அக்கையைப் பிடித்துச் சேற்றில் அமிழ்த்துவது கல்வி ஆகாது. மணலைத் தடித்த நெகிழிப் பையில் கட்டி மேலிருந்து அழுத்தச் செய்யலாம், கரண்டி தரலாம். நாள் முழுதும் வண்டிச் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இருக்கும் குழந்தையிடமிருந்து அதைப் பிடுங்குவதை விட, பம்பரமும் குச்சி செருகிய மூடிகளும் தந்து, எது நெடுநேரம் சுழல்கிறது என்று உடன் அமர்ந்து பார்ப்பது நல்லது. அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைக்கு ஒரு நாளைக்கு ஒரு விளையாட்டு என்று மாற்றிக்கொண்டே போகாமல், ஒரே விளையாட்டை ஒரு வாரம் வைத்து, நாளுக்கு ஒன்றை மட்டும் மாற்றலாம்.

விலைகூடிய கருவி எதுவும் இங்குத் தேவைப்படவில்லை என்பதை அவையோர் கவனித்திருப்பர். பொறியாளர் அரவிந்த் குப்தா 1978இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்தில் பணியாற்றியபோது, தீக்குச்சிகளைச் சைக்கிள் வால்வு டியூப் துண்டுகளால் இணைத்து வடிவங்கள் செய்தார். சதுரம் கையில் நெளியும், முக்கோணம் நெளியாது. அந்த உண்மையை அறியக் கண் வேண்டுவதில்லை. சிறு விரல்களுக்கும் நடுங்கும் கைகளுக்கும் தீக்குச்சி ஆகாது எனின், மூங்கிற்குச்சியும் அகன்ற ரப்பர்க் குழாயும் போதும். பார்வையற்ற குழந்தை படம் வரைவதற்கு வெல்க்ரோ ஒட்டிய பலகையில் கம்பளி நூலைப் பதிக்கும் சிலேட்டையும் அவர் பரப்பினார். கம்பளி அதில் பற்றிக்கொள்ளும். வரைந்ததை விரல் படிக்கும். பிடிக்காவிட்டால் இழுத்து எடுத்துவிடலாம். குப்பையிலிருந்து பொம்மை செய்த அவருக்கு 2018இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இவ்வூருக்கே உரிய ஒரு விளையாட்டும் உண்டு. கல்யாண மகாலுக்குக் கோட்டைக்கு வெளியே இருந்த நீர்நிலையிலிருந்து மண்குழாய்கள் வழியே நீர் கொண்டுவரப்பட்டதைச் செஞ்சியில் அறியாதவர் இலர். அந்தத் தத்துவத்தை இரண்டு தண்ணீர் பாட்டில்களால் செய்யலாம். மேற்பகுதியை வெட்டி, விளிம்பைத் துணிநாடாவால் மூடி, அடிப்பகுதிகளை ஒரு குழாயால் இணைக்க வேண்டும். கொத்தனார் மட்டம் பார்க்கும் குழாயே போதும். ஒன்றைக் கயிற்றில் கட்டிச் சன்னல் கம்பி வழியே தொங்கவிட்டு, கயிற்றின் மறுமுனையில் பெரிய வளையம் ஒன்றைக் கட்ட வேண்டும். கை மடங்காத சிறுவன் வளையத்துள் முழங்கையை நுழைத்து இழுப்பான். கண் தெரியாத சிறுமி மற்றொரு பாட்டிலுக்குள் விரலைத் தொங்கவிட்டிருப்பாள். அவன் இழுக்க இழுக்க, அவள் விரல் நனையும். அவன் விட்டால் நீர் இறங்கும். நிறுத்து, இழு என்று ஆணையிடுவது அவள். இந்த இருவரும் இல்லாமல் அந்த விளையாட்டு நடவாது.

சட்டம் இவர்களுக்காக இல்லாமல் இல்லை. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 ஆக இருந்த குறைபாட்டு வகைகள் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் 21 ஆயின. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள குழந்தை, அருகமைப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிப் படிக்கும் உரிமையை அது தருகிறது. ஆனால் 6 வயது முதல் 18 வயது வரை. 2022 நவம்பரில் தமிழக அரசு தொடங்கிய வானவில் மன்றம், செய்து கற்கும் அறிவியலை அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை. அதற்கு முந்தைய ஆண்டுகள் அங்கன்வாடியின் பொறுப்பு. மாற்றுத்திறனாளிக் குழந்தைகளை அங்கன்வாடியில் சேர்த்துக்கொள்ளும் நெறிமுறையை ஒன்றிய அரசு 2023 நவம்பரில் வெளியிட்டது. சமையல், எடை பார்த்தல், பதிவேடு, கணக்கெடுப்பு அனைத்துக்கும் நடுவே அதைச் செயற்படுத்த வேண்டியவர், ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும்.

எனவே அறக்கட்டளைகளுக்கு ஒரு வேண்டுகோள். மேடையில் மூன்று சக்கர வண்டி வழங்கும் நிழற்படம் நன்றாகத்தான் இருக்கிறது, வண்டியும் தேவைதான். அதனோடு, அங்கன்வாடி ஒன்றுக்கு ஒரு பெட்டி என்று வைத்து, இங்குச் சொல்லப்பட்ட பாத்திரம், டியூப், கம்பளி நூல், காந்தக் கரண்டி ஆகியவற்றைத் தரலாம். பெட்டியை மட்டும் கொடுத்தால் அது பீரோவின் மேல் ஏறிவிடும். வாரம் ஒரு முறை இரண்டு மணி நேரம் வந்து உடன் அமர்ந்து பத்து எண்ணக்கூடிய ஒருவரை அனுப்ப வேண்டும். ஓய்வு பெற்ற ஆசிரியர்களும், வளர்ந்த பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டு வீட்டில் இருக்கும் தாய்மார்களும் இவ்வூரில் குறைவில்லை. வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரிடம் ஒரு நாள் கேட்டறிந்துகொண்டால், தொடங்கிவிடலாம்.

கோட்டைக்கும் அழைத்துச் செல்லலாம். மலையேற வேண்டியதில்லை. கல்யாண மகாலும் களஞ்சியமும் அடிவாரத்திலேயே உள்ளன. தை மாதத்துக் காலையில், வெயில் ஏறிய சிறிது நேரத்தில், பார்வையற்ற குழந்தையைக் கிழக்கு நோக்கிய சுவரைத் தொடச் செய்து, உடனே மேற்கு நோக்கிய சுவருக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். ஒன்று சுடும், மற்றது குளிரும். மதியம் கட்டுச்சோறு உண்டு, மாலை நான்கு மணிக்கு மறுபடியும் அதே இரண்டு சுவர்கள். இப்போது மேற்குச் சுவர் சுடும். கதிரவன் இடம் மாறிவிட்டது என்று உடனே சொல்லிவிடாமல், குழந்தை ஏன் என்று கேட்கும் வரை அங்கேயே நின்றுகொண்டிருக்கலாம்.